நடுரோட்டில் எண்ணப்பட்டவர்

கணக்கெடுப்பு நாளன்று காலை பதினொரு மணிக்குச் சாவிக்காரர் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். அவர் செய்த தப்பு அவ்வளவுதான்.

வீடு ரோட்டுக்கு மேற்கே, கடை கிழக்கே. இருபத்திரண்டு வருடமாக நாளுக்கு நாலு தடவை அந்த ரோட்டைக் கடக்கிறார். அன்று மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டார். கண்ணாடி இல்லாமல் பூட்டுக்குள் பார்க்க முடியாது. எடுத்துக்கொண்டு திரும்பும்போது விசில் ஊதிவிட்டார்கள்.

ரோட்டின் நடுவில் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு மேற்கே பதினேழாம் தொகுதி, கிழக்கே பதினெட்டாம் தொகுதி. மாநிலச் சட்டமன்றத் தேர்தலுக்கு முன் ஒவ்வொரு தொகுதியிலும் ஆள் எண்ணிக்கை சமமாக இருக்கவேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. பழைய சட்டத்திலும் அதுதான் இருந்தது. அதில் 'ஏறக்குறைய' என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள்.

விசில் ஊதினால் யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே நிற்கவேண்டும். சாவிக்காரர் நின்றார். வலது கால் கோட்டுக்குக் கிழக்கே. இடது கால் மேற்கே.

ரோட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொரு கணக்கெடுப்பாளர் அட்டையோடு ஓடிவந்தார்கள்.

"அசையாதீங்க!" என்றார் பதினேழின் ஆள்.

"அசைஞ்சா எண்ணிக்கை கெட்டுப்போகும்" என்றார் பதினெட்டின் ஆள்.

"லாரி வருதுங்க" என்றார் சாவிக்காரர்.

"லாரியை நாங்க எண்ணலை."

லாரி அவரைச் சுற்றிக்கொண்டு போனது. ஓட்டுநர் சொன்ன வார்த்தையை இருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

"பின்னங்கால் எங்க பக்கம் இருக்கு. புறப்பட்ட இடம்தான் கணக்கு."

"முன்னங்கால் எங்க பக்கம். போற திசைதான் கணக்கு."

"முன்னங்கால் பின்னங்கால்னு மாட்டைச் சொல்ற மாதிரி சொல்றீங்களே" என்றார் சாவிக்காரர்.

"நீங்க பேசாதீங்க. நீங்க இன்னும் யாருமே இல்லை."

அரை மணி நேரம் வாதாடிவிட்டு இருவரும் அட்டையில் ஒரே மாதிரி எழுதினார்கள்: ஆண், ஒன்று, பாதி.

அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்குப் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பெட்டிப் பூட்டைத் திறந்தார்.

மூன்று வாரத்தில் எல்லை ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு தொகுதியிலும் சேர்த்து மொத்தம் மூன்று லட்சத்து நாற்பத்தோராயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு பேர். இரண்டால் வகுத்தால் மிச்சம் ஒன்று. அந்த மிச்சம் தாங்கள் என்று தெரிவித்துக்கொள்கிறோம், விசாரணைக்கு நேரில் வரவும்.

சாவிக்காரரின் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, தையல் மெஷினுக்கு உறை போட்டார்.

"நானும் வர்றேங்க. உங்களைத் தனியா விட்டா தலையாட்டிட்டு வந்துடுவீங்க."

ஆணையத்தின் கூடத்தில் இரண்டு மின்விசிறிகள் இருந்தன. ஒன்று கெட்டுப்போயிருந்ததால் இரண்டையும் நிறுத்தியிருந்தார்கள். மேசைமேல் இரண்டு தண்ணீர்க் கூஜாக்கள். யாராவது ஒன்றிலிருந்து குடித்தால் செயலாளர் எழுந்து மற்றதிலிருந்தும் அதே அளவு ஊற்றி ஜன்னலுக்கு வெளியே கொட்டினார். தலைவர் கறுப்பு அங்கி போட்டிருந்தார். வியர்வையில் அது முதுகோடு ஒட்டியிருந்தது.

"மாநிலம் முழுவதும் சமப்படுத்திவிட்டோம்" என்று தலைவர் தொடங்கினார். "சில தெருக்களை வளைத்தோம். ஒரு மருத்துவமனையின் மாடியை ஒரு தொகுதிக்கும் தரைத்தளத்தை இன்னொரு தொகுதிக்கும் கொடுத்தோம். ஓரிடத்தில் இரட்டைக் குழந்தைகளைப் பிரித்தோம். தாய் கொஞ்சம் அழுதார். ஆனால் எண்ணிக்கை எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா? பழைய காலத்தில் ஆயிரக்கணக்கானோர் விடுபடுவார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். இன்று விடுபட்டவர் ஒரே ஒருவர். அவருக்காக இந்த ஆணையம் பதினாறு முறை கூடியது. பதினாறு முறையும் மதிய உணவு வரை விவாதித்தது."

செயலாளர் எழுதிக்கொண்டே இருந்தார். எதையும் விடாமல் எழுதுவது அவர் வழக்கம். தலைவர் நடுவில் தும்மினார். 'தும்மல்' என்று எழுதினார்.

"தீர்ப்பு இதுதான். இவர் இரண்டு தொகுதிகளுக்கும் பொது மிச்சம். பதினேழில் பாதி, பதினெட்டில் பாதி."

"ஐயா, மனுஷனை எப்படிங்க பாதியாப் பிரிப்பீங்க?" என்றார் மனைவி.

"காகிதத்தில்தான் அம்மா. வலிக்காது."

"நெடுக்காகவா, குறுக்காகவா என்று குறிப்பிட வேண்டும்" என்றார் செயலாளர்.

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "குறுக்காகப் பிரித்தால் ஒரு தொகுதிக்குத் தலை போய்விடும். மற்றது கோபித்துக்கொள்ளும்."

"வயிறு கிடைச்ச தொகுதிதான் சாப்பாடு போடணும்" என்றார் மனைவி.

செயலாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

நெடுக்காக என்று முடிவாயிற்று. இடது பாதி பதினேழுக்கு. வலது பாதி பதினெட்டுக்கு. மூக்கு யாருக்கு என்று தனிக் குறிப்பு பின்னர் வரும்.

"ஐயா, நான் முழுசாவே இருந்துடறேனே" என்றார் சாவிக்காரர். "எந்தப் பக்கம்னாலும் பரவாயில்லை."

"பாதியாக இருப்பது குறையல்ல. அது ஒரு கௌரவம்" என்றார் தலைவர். அங்கியை நீவிவிட்டுக்கொண்டார். "நான் பதினேழாம் தொகுதியில் பிறந்தவன். இன்றும் அங்கேயே குடியிருக்கிறேன். இந்த வாய்ப்பு எனக்கு வந்திருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றிருப்பேன். இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்."

செயலாளர் எழுதினார். தலைவர் மறுபடி தும்மினார். அதையும் எழுதினார்.

வெளியே வரும்போது இரண்டு அடையாள அட்டைகள் கொடுத்தார்கள். ஒன்றில் சாவிக்காரரின் இடது கண்ணும் பாதி வாயும் இருந்தன. மற்றதில் வலது கண்ணும் மீதி வாயும்.

"ஒண்ணுலயும் நீங்க நல்லா இல்லை" என்றார் மனைவி.

பாதியாக இருப்பதில் என்ன கெடுதல் என்று அவருக்கு உரிம அலுவலகத்தில்தான் தெரிந்தது. கடையின் உரிமம் அந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்கும் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருந்தார்கள். விண்ணப்பதாரர் முழு ஆளா? ஆம் / இல்லை.

"எதைங்க போடறது?" என்றார் சாவிக்காரர்.

"இல்லைன்னு போட்டா நிராகரிப்போம்" என்றார் உரிம அலுவலர். "ஆம்னு போட்டா பொய்த் தகவல். கேஸ் ஆகும்."

"அப்போ போடாம விட்டுட்டா?"

"பூர்த்தியாகாத விண்ணப்பம். அது ரெண்டையும்விட மோசம்."

"இருபத்திரண்டு வருஷமா அங்கதான் சார் உக்காந்திருக்கேன்."

"அப்போ முழுசா உக்காந்திருந்தீங்க." அலுவலர் இரக்கப்பட்டார். "ஒண்ணு செய்யலாம். உங்க வலது பாதி எங்க தொகுதிலதான் இருக்கு. அதனால முப்பதாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் ஷட்டரைப் பாதி திறந்துக்கலாம்."

"அஞ்சு மணிக்கு அப்புறம்?"

"சீல்."

"சீல் வைக்கற பூட்டாவது எங்கிட்ட வாங்குவீங்களா?"

"அதுக்கு டெண்டர் இருக்கு."

மறுநாளிலிருந்து ஷட்டர் இடுப்பளவுதான் ஏறியது. சாவிக்காரர் குனிந்து உள்ளே போனார், குனிந்து வெளியே வந்தார். வருகிறவர்களும் குனிந்தார்கள்.

"அண்ணே, உங்க கடைக்கு வர்றவங்களுக்கு எவ்வளவு மரியாதை பாருங்க" என்றார் பக்கத்துச் சலூன்காரர். "என் கடைக்கு வந்து தலையை நீட்டறவன்கூட இப்படிக் குனியறதில்லை."

"நீ வேற, இடுப்பு விட்டுப்போச்சு."

"எந்தப் பாதி இடுப்பு?"

வயதானவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். வயதானவர்கள்தான் சாவியைத் தொலைப்பவர்கள். நாளுக்குப் பத்துச் சாவி போட்ட இடத்தில் இரண்டு, மூன்று என்று வந்து நின்றது. மகள் வெளியூரில் நர்ஸ் படிப்பில் கடைசி வருடம். தையலை மட்டும் நம்பினால் வீட்டில் அடுப்பெரியும். படிப்பு நின்றுவிடும். அவருக்கு வேறு தொழில் தெரியாது. பத்து வயதில் முதல் பூட்டைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து வேறு எதையும் பிரித்துப் பார்க்கத் தோன்றியதில்லை.

இரவில் மனைவி இடுப்பில் தைலம் தேய்த்தார். ஞாபகமாக இரண்டு பக்கமும் தேய்த்தார்.

பிரச்சாரம் தொடங்கியது. பதினேழின் வேட்பாளர் முப்பது பேரோடு வீட்டுக்கு வந்தார். சாவிக்காரரின் இடது கையைத் தேடிப்பிடித்துக் குலுக்கினார்.

"உங்களுக்காக என் உயிரில் பாதியைக் கொடுப்பேன்!"

"மீதிப் பாதி?" என்றார் மனைவி.

"அது கட்சிக்கும்மா."

பதினெட்டின் வேட்பாளர் கடைக்கு வந்தார். குனிய முடியாத உடம்பு. வெளியே நின்றபடி ஷட்டருக்கு அடியில் கையை நீட்டினார். சாவிக்காரர் உள்ளேயிருந்து வலது கையைக் கொடுத்தார். முகத்தை இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

"இந்த ரோட்டுக்கு மேல நடைபாலம் கட்டித் தர்றேன்" என்றது ஷட்டருக்கு வெளியே இருந்த குரல். "நீங்க நடுரோட்டுல நின்ன மாதிரி இனி யாரும் நிக்கக் கூடாது. எங்க பக்கத்துப் பாதியை ஒரே வருஷத்துல முடிச்சுடுவோம்."

"அந்தப் பக்கத்துப் பாதி?"

"அதைப் பதினேழுதான் கட்டணும்."

"கட்டலைன்னா?"

"நடு வரைக்கும் போய் நின்னு காத்து வாங்கலாம். அதையும் யாரு கொடுத்தா இதுவரைக்கும்?"

வாக்குப்பதிவு நாளன்று இரண்டு சாவடியிலும் சாவிக்காரருக்குத் தனி வரிசை போட்டிருந்தார்கள். இரண்டு வரிசையிலும் அவர் ஒருவர்தான். பதினேழின் சாவடியில் இடது காலை மட்டும் உள்ளே வைக்கச் சொன்னார்கள். வலது கால் வாசலுக்கு வெளியே இருக்கவேண்டும். வலது கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். ஒரு தொகுதியின் ரகசியத்தை மற்றத் தொகுதியின் கண் பார்க்கக் கூடாது.

வாக்குச்சீட்டை நெடுக்காக வெட்டிவைத்திருந்தார்கள். அவருக்கு இடது பாதி கிடைத்தது. அதில் வேட்பாளர்களின் பெயர்கள் இருந்தன. முத்திரை குத்தும் கட்டம் மற்றப் பாதியில் போய்விட்டது.

"எங்க சார் குத்தறது?"

"ரகசிய வாக்கெடுப்பு" என்றார் சாவடி அதிகாரி. "நாங்க சொல்லக் கூடாது."

ரோட்டைக் கடந்து பதினெட்டின் சாவடிக்குப் போனார். வலது காலை உள்ளே வைத்து, இடது கண்ணை மூடினார். அங்கே வலது பாதி. கட்டங்கள் வரிசையாக இருந்தன. பெயர்கள் இல்லை. கண்ணுக்கு அழகாகத் தெரிந்த ஒரு கட்டத்தில் குத்திவிட்டு வந்தார்.

வெளியே சலூன்காரர் நின்றிருந்தார். "யாருக்குண்ணே போட்டீங்க?"

"மூணாவது கட்டத்துக்கு."

"நல்ல மனுஷன். நானும் அவருக்குத்தான்."

மறுநாள் காலை ஆணையத்தின் செயலாளர் இரண்டு காவலர்களோடு கடைக்கு வந்தார். மூவரும் குனிந்து உள்ளே வந்தார்கள். செயலாளர் ஒரு வெல்வெட் பையிலிருந்து நீளச் சாவி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு தொகுதி வாக்குப்பெட்டியும் பள்ளிக்கூடத்துல ஒரே அறையில இருக்கு. அந்த அறைச் சாவி இது. யார் வச்சுக்கறதுன்னு ரெண்டு தொகுதிக்கும் தகராறு. தலைவர் தீர்ப்பு சொல்லிட்டார். இதைச் சரிபாதியா வெட்டித் தரணும்."

சாவிக்காரர் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தார். தண்டு கனமாக இருந்தது. பல் இரண்டு படியாக ஏறி இறங்கியது. இந்த மாதிரி இப்போது யாரும் செய்வதில்லை.

"ரெண்டு சுத்துப் பூட்டுங்க. ஒரு சுத்துல பாதி நாக்கு உள்ள போகும், அடுத்த சுத்துல மீதி போகும். அருமையான சாவி. வெட்டினா திறக்காது சார்."

"திறக்கறது முப்பதாம் தேதி. வெட்டறது இன்னிக்கு."

"சாவி இருக்கறதே திறக்கறதுக்குத்தானே?"

"சாதாரணச் சாவி திறக்கறதுக்கு இருக்கும். இது பொறுப்புல இருக்கற சாவி."

சாவிக்காரர் பெருமூச்சு விட்டார். "வளையத்தை ஒருத்தருக்கும் பல்லை ஒருத்தருக்கும் வெட்டித் தரட்டுங்களா? அது சுலபம்."

"நெடுக்காத்தான். உங்க விஷயத்துல செஞ்ச மாதிரியே." செயலாளர் குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டார். "இப்போ எல்லாத்துக்கும் நீங்கதான் முன்மாதிரி."

மத்தியானம் வரை ரம்பம் போட்டார். ரம்பம் தின்ற இரும்பு மேசைமேல் பொடியாகக் கொட்டியது. இரண்டு பாதியையும் தராசில் வைத்தார்கள். ஒன்று மயிரிழை கனமாக இருந்தது. அரத்தால் தேய்த்தார். மற்றது கனமாகிவிட்டது. அதைத் தேய்த்தார். நாலு தடவை தேய்த்தபின் முள் நடுவில் நின்றது. பற்களில் பாதி போயிருந்தது.

செயலாளர் இரண்டு பாதியையும் இரண்டு வெல்வெட் பைகளில் போட்டுக்கொண்டு, "சாவி சமமாக வெட்டப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

"திறக்காதுன்னு நான் சொன்னதையும் எழுதிக்குங்க" என்றார் சாவிக்காரர்.

"எழுதியாச்சு" என்றார் செயலாளர். எழுதித்தான் இருந்தார்.

முப்பதாம் தேதி வந்தது. சட்டப்படி அன்று மாலை ஐந்து மணிக்குள் முடிவு அறிவிக்கவேண்டும். அறிவிக்காவிட்டால் ஆணையம் கலைந்துவிடும். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் காலையிலேயே கூட்டம். தலைவர் புது அங்கியில் வந்திருந்தார். அறை வாசலில் அவர் கையாலேயே எழுதிய பலகை தொங்கியது: முழு ஆட்களுக்கு மட்டும் அனுமதி.

இரண்டு தொகுதியின் பிரதிநிதிகளும் ஆளுக்குப் பாதிச் சாவியைக் கொண்டுவந்தார்கள். சேர்த்துவைத்து நூலால் கட்டினார்கள். ஒரே நேரத்தில் பிடித்து, ஒரே நேரத்தில் நுழைத்து, ஒரே நேரத்தில் திருப்பினார்கள். சாவி சுற்றியது. பூட்டு சுற்றவில்லை. பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை சாவி நன்றாகச் சுற்றியது. அதன்பின் ஒரு பாதி உள்ளே சிக்கிக்கொண்டது.

"கதவை உடைச்சுடலாமா?" என்றார் பதினெட்டின் வேட்பாளர்.

"உடைத்தால் தேர்தல் செல்லாது" என்றார் செயலாளர். "பிரிவு ஒன்பது. மறுபடி கணக்கெடுப்பிலிருந்து தொடங்கவேண்டும்."

தலைவர் மேடைத் தமிழைக் கைவிட்டார். "யோவ், யாரையாவது கூட்டிட்டு வாங்கய்யா!"

செயலாளர் போனபோது சாவிக்காரர் கருவிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். மனைவி சுவரில் தொங்கிய சாவிகளைக் கழற்றி எண்ணிக் கோணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். உரிம அலுவலகத்தின் ஆள் சீல் வைக்கும் அரக்கோடு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஐந்து மணிக்குக் காத்திருந்தார்.

செயலாளர் குனிந்து, நடந்ததைச் சொன்னார்.

சாவிக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"போங்க" என்றார் மனைவி. "அந்த உரிமப் படிவத்தை எடுத்துக்குங்க. நானும் வர்றேன்."

தாழ்வாரத்தில் கூட்டம் வழிவிட்டது. சாவிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூட்டின் முன் மண்டியிட்டார். மெல்லிய இடுக்கியால் சிக்கியிருந்த பாதிச் சாவியை எடுத்துத் தலைவரின் கையில் கொடுத்தார். இரண்டு கம்பிகளை உள்ளே விட்டார். காதைக் கதவோடு வைத்துக்கொண்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கம்பி ஒருமுறை சுழன்றது. டக் என்று சத்தம் கேட்டது.

கைதட்டினார்கள். தலைவர் கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை.

சாவிக்காரர் கம்பிகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது? திறக்கலையே?"

"ரெண்டு சுத்துப் பூட்டுங்க ஐயா. ஒரு சுத்து ஆச்சு."

"இன்னொரு சுத்து?"

"அது முழு ஆள் வேலைங்க. நான் பாதி ஆளு, பாதி வேலை செஞ்சிருக்கேன். அதுக்கு மேல செஞ்சா கேஸ் ஆகும்னு பயமா இருக்கு."

தலைவர் செயலாளரின் பக்கம் திரும்பினார்.

"வேற பூட்டுக்காரன் இல்லையா?"

"இரண்டு தொகுதியிலும் இவர் ஒருவர்தான் ஐயா. அதுவும் பாதி பாதியாக."

"வெளியே இருந்து கூட்டிட்டு வா."

"வெளியாள் உள்ளே வந்து வேலை செய்தால் அந்த நேரத்துக்கு எண்ணிக்கை கூடும். தங்கள் உத்தரவுதான், பிரிவு பன்னிரண்டு."

மணி நாலு. தலைவர் சாவிக்காரரின் அருகில் குனிந்தார். இந்த ஒரு மாதத்தில் சாவிக்காரரிடம் குனிந்தவர்களில் அவர்தான் பெரியவர்.

"உனக்கு என்னய்யா வேணும்? எதுனாலும் கேளு."

"முழுசா இருக்கணுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"உன்னை முழுசாக்கிட்டா கணக்கு உதைக்குமேய்யா! உன் வீடு இருக்கற பதினேழுல பாதி கூடும், பதினெட்டுல பாதி குறையும்."

"பதினேழில் வேறு ஒருவர் பாதியானால் சரியாகிவிடும்" என்றார் செயலாளர்.

தாழ்வாரத்தில் இருந்தவர்களில் பதினேழைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பதினேழின் வேட்பாளர் ஒரு தூணுக்குப் பின்னால் போனார்.

"பாதி உயிரைக் கொடுக்கறேன்னு வீட்டுக்கு வந்து சொன்னீங்களே?" என்றார் மனைவி.

"அது தேர்தலுக்கு முன்னாடிம்மா" என்றது தூண்.

மனைவி தலைவரைப் பார்த்தார். "ஐயாகூட அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்களே. எழுதிக்கவும் சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்? நான் ஒண்ணும் சொல்லலையே."

செயலாளர் ஏற்கெனவே குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "பக்கம் நாற்பத்தொன்று. 'பாதியாக இருப்பது குறையல்ல. அது ஒரு கௌரவம். நான் பதினேழாம் தொகுதியில் பிறந்தவன். இன்றும் அங்கேயே குடியிருக்கிறேன். இந்த வாய்ப்பு எனக்கு வந்திருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றிருப்பேன்.' அதன்பின் தும்மல்."

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கடிகாரத்தைப் பார்த்தது.

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுய்யா."

"பேச்சுக்கு என்று தாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன்."

நாலு இருபதுக்குத் தலைவர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். முழு ஆளாக அவர் போட்ட கடைசிக் கையெழுத்து அது. சாவிக்காரர் படிவத்தை எடுத்து, முழு ஆளா என்ற கேள்வியில் 'ஆம்' என்பதைச் சுழித்தார். செயலாளர் அதில் முத்திரை வைத்தார். மனைவி அதை வாங்கி, மை காயும்வரை ஊதினார். காய்ந்ததும் கணவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

கம்பி இரண்டாவது முறை சுழன்றது. கதவு திறந்தது.

எல்லோரும் உள்ளே போனார்கள். தலைவரை வாசலில் காவலர் நிறுத்திப் பலகையைக் காட்டினார்.

"நெடுக்காகவா, குறுக்காகவா ஐயா?" என்று கேட்டார் செயலாளர், பேனாவைத் திறந்தபடி.

தலைவர் இடது காலை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு, ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முடிவை அறிவித்தார். இரண்டு தொகுதியிலும் ஜெயித்தவர்கள் ஆயிரக்கணக்கான வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்கள். சாவிக்காரரின் இரண்டு பாதி வாக்குகளையும் ஒரு உறையில் போட்டு, பிறகு பரிசீலிக்க என்று எழுதி ஒட்டினார்கள்.

கடைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது சீல் வைப்பவர் அரக்கை உருக்க ஆரம்பித்திருந்தார். மனைவி படிவத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். அவர் படித்தார். மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு, ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஷட்டர் ஒரு மாதம் பாதியில் நின்றதில் இறுகிப்போயிருந்தது. சாவிக்காரர் இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டார். சலூன்காரர் ஒரு கை கொடுத்தார். கரகரவென்று சத்தம் போட்டு உச்சி வரை ஏறியது. உள்ளே வெளிச்சம் கடைசிச் சுவர் வரை போனது.

சாவிக்காரர் கருவி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, குனிந்து உள்ளே போனார்.

"என்னங்க" என்றார் மனைவி. "வெளியே வாங்க."

அவர் குனிந்தே வெளியே வந்தார்.

"இப்போ மறுபடி போங்க. நிமிர்ந்து போங்க."